உள்ளே கரைவதும் மேலே நிற்பதும்

என் வலதுகைச் சிட்டிகையின் எடை 0.4 கிராம். நகைக்கடையில் இருப்பதுபோன்ற சின்னத் தராசு ஒன்றை அடுப்படியில் வைத்திருக்கிறேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் கூட்டித் தூளுப்பை எடுத்துப் பத்துத் தடவை நிறுத்துப் பார்த்தேன். 0.3-க்கும் 0.5-க்கும் இடையிலேயே நின்றது. அதே விரல்களால் கல்லுப்பை எடுத்தால் கணக்கு சிதறிவிடுகிறது. ஒரு தடவை நாலு கல் வருகிறது, அடுத்த தடவை ஏழு. என் கணவரின் சிட்டிகையோ என்னுடையதைப்போல இருமடங்கு. ஒரே டப்பாவுக்குள் கைவிடுகிற இரண்டு பேருக்கே இப்படி என்றால், 'ஒரு சிட்டிகை உப்பு' என்று குறிப்பில் படித்துவிட்டு முதன்முதலாக பிரவுனி செய்யப்போகிற பெண் எதை எடுத்துப் போடுவாள்?

பன்னிரண்டு வருஷமாகத் தூத்துக்குடியில் வீட்டிலிருந்தபடி பிரவுனி, குக்கி, கேக் செய்து கொடுக்கிறேன். இதற்குள் இரண்டு ஓவன் மாறிவிட்டது. எத்தனையோ வகை சாக்லேட் வாங்கிப் பார்த்தாயிற்று. இவை எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது, அரிசிப் பானை பக்கத்தில் எப்போதும் இருந்த உப்புதான்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் உப்பளத்தில் வேலை பார்த்தவர். முழங்கால் தேய்ந்து இப்போது வீட்டோடு இருக்கிறார். ஒருநாள் நான் தராசில் உப்பு நிறுப்பதைப் பார்த்துவிட்டு, "ஏ தங்கச்சி, இனிப்புக்குப் போயி உப்பு நிறுத்துப் போடுதியா? நாங்க அளத்துல மூட்டை மூட்டையால்லா நிறுப்போம்" என்றார். "பணியாரத்துக்கு நீங்க ஒரு கல்லு போடமாட்டியளாக்கா?" என்று கேட்டேன். "அது போடத்தான செய்யணும்" என்றார். நம் அடுப்படிக்கு இது தெரியாத சேதி இல்லை. வெல்லப் பணியாரத்து மாவில் உப்பு உண்டு, கொழுக்கட்டையின் மேல்மாவில் உப்பு உண்டு. ஆனால் அங்கே கை தவறினாலும் மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். முன்னூறு ரூபாய்க்கு சாக்லேட் உடைத்துப் போட்ட கலவையில் கை தவறினால் அந்த டிரே போனது போனதுதான்.

எனக்கு ஒரு டிரே அப்படிப் போயிருக்கிறது. ஆரம்பத்தில் ஓர் அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து பிரவுனி செய்தேன். ஒரு தேக்கரண்டி கோஷர் உப்பு என்று போட்டிருந்தது. உப்புத்தானே என்று நம் தூளுப்பை ஒரு தேக்கரண்டி மட்டமாக அளந்து போட்டேன். கோஷர் உப்பு சொரசொரப்பான, காற்றோட்டமான பெரிய துகள். அதில் ஒரு வகை தேக்கரண்டிக்கு மூன்று கிராம்கூட இருக்காது, இன்னொரு வகை ஐந்து கிராம் வரும். நம் தூளுப்போ நெருங்கி உட்கார்ந்து ஆறு கிராம் பிடிக்கும். இது போதாதென்று நான் போட்டது உப்பு வெண்ணெய். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் உப்பு வெண்ணெயில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. எல்லாம் சேர்த்து எழுநூறு கிராம் கலவையில் எட்டு கிராமுக்கு மேல் உப்பு ஏறிவிட்டது. அது குழம்புக்குப் போடுகிற கணக்கு. ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கென்று வாங்கியிருந்தார்கள். குழந்தை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தியதை அதன் அம்மா எனக்குச் சொன்னபோது, பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு மனசு ஆறவில்லை. மறுவாரம்தான் அந்தச் சின்னத் தராசை வாங்கினேன்.

நான் இப்போது செய்கிற பிரவுனியின் அளவைச் சொல்லிவிடுகிறேன். எட்டு அங்குலச் சதுர டின்னுக்கு 55 சதவீத டார்க் சாக்லேட் 170 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், சீனி 200 கிராம், முட்டை மூன்று, மைதா 65 கிராம், கோகோ பவுடர் 25 கிராம், உப்பு 3 கிராம். வெண்ணெயையும் சாக்லேட்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, சீனியும் முட்டையும் நுரைக்க அடித்து, இரண்டையும் சேர்த்து, மாவைச் சலித்துப் போட்டு, 170 டிகிரியில் இருபத்தைந்து நிமிஷம். உப்பு வெண்ணெய்தான் கைவசம் இருக்கிறதென்றால் அதிலேயே 2.3 கிராம் வந்துவிடும். அப்போது தனியாகப் போடவேண்டியது 0.7 கிராம்தான், அதாவது என் கைக்கு இரண்டு சிட்டிகைக்கும் குறைவு.

இந்த மூன்று கிராமை எந்த நேரத்தில், எதில் போடுவது என்பதை நான் கண்டுபிடிக்கவே நாலு வருஷம் ஆனது. பெரும்பாலான குறிப்புகள் மைதாவோடு சேர்த்துச் சலிக்கச் சொல்லும். கேக்குக்கு அது சரி. அதில் பாலோ மோரோ தாராளமாக இருக்கும், உப்பு கரைய நேரமும் தண்ணீரும் கிடைக்கும். பிரவுனியில் மாவு கடைசியாகத்தான் விழுகிறது. இருபது சுற்றுக்கு மேல் கிளறினால் இறுகிப்போகும் என்று கையை நிறுத்திக்கொள்கிறோம். வெளியே வருகிற பிரவுனியில் ஒரு கடி சப்பென்று இருக்கும், அடுத்த கடி சுருக்கென்று கரிக்கும். சரி, உருகிய சாக்லேட்டில் போடலாம் என்று பார்த்தால் அது அதைவிட மோசம். கொழுப்பில் உப்பு கரையாது. உருகிய வெண்ணெயும் கோகோ வெண்ணெயும் ஒவ்வொரு துகளையும் சுற்றி எண்ணெய்ச் சட்டை போட்டுவிடும், அப்புறம் முட்டையின் ஈரம்கூட அதற்குள் எளிதில் நுழையாது.

ஆகவே உப்பை முட்டையில் போடுகிறேன். சாக்லேட்டை உடைக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே மூன்று முட்டையையும் உடைத்து ஊற்றி, உப்பைச் சேர்த்து, முட்கரண்டியால் கலக்கிப் பத்து நிமிஷம் விட்டுவிடுவேன். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். திரும்பி வந்து பார்க்கும்போது மஞ்சள் கொஞ்சம் ஆழமாகி, கலவை இளகி, கரண்டியிலிருந்து நூல்பிடிக்காமல் ஒழுகும். உப்பு முழுக்க உள்ளே போய்விட்டதென்று கண்ணுக்கே தெரிகிற அடையாளம் அது. அதற்கப்புறம் சீனி. கனாஷ் செய்கிறபோது கிரீமைச் சூடாக்கும்போதே அதில் உப்பைக் கரைத்துவிடுவேன். சாக்லேட் கேக்குக்கு டிகாக்ஷன் சேர்ப்பேன், அதில் கரைத்துவிடுவேன். எந்தப் பண்டமானாலும் அதில் தண்ணீர் எங்கே இருக்கிறதென்று முதலில் தேடுவேன். உப்பு போய்ச்சேர வேண்டிய இடம் அதுதான்.

இப்படிக் கரைந்த உப்பைச் சாப்பிடுகிறவர் உப்பாக உணரக்கூடாது. உணர்ந்தால் நான் கூட்டிவிட்டேன் என்று அர்த்தம். அவர் உணரவேண்டியது சாக்லேட்டை. உப்பில்லாத பிரவுனியையும் இந்த மூன்று கிராம் உப்புப் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால், இரண்டாவதில் நல்ல சாக்லேட் போட்டிருப்பதாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். 'உப்பு' என்று ஒருவரும் சொன்னதில்லை.

இது ஏன் நடக்கிறதென்று தேடியபோது 1997-ல் நேச்சர் இதழில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு கண்ணில் பட்டது. பிலடெல்ஃபியாவில் சுவையையும் மணத்தையும் ஆராய்வதற்கென்றே இருக்கும் மோனெல் மையத்தைச் சேர்ந்த இரண்டு பேர் செய்தது. சர்க்கரைக் கரைசலோடு கசக்கும் யூரியாவைக் கலந்து, அதில் அவ்வளவாகக் கரிக்காத ஒரு சோடியம் உப்பைச் சேர்த்து ஆட்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சோடியம் சேர்ந்ததும் கசப்பு இறங்கியிருக்கிறது, இனிப்பு ஏறியிருக்கிறது. கசப்பும் இனிப்பும் ஒன்றை ஒன்று அமுக்கிக்கொண்டிருந்தவை. சோடியம் கசப்பின் கையைப் பிடித்துக்கொண்டதும் இனிப்பு எழுந்து நிற்கிறது. இதைப் படித்த அன்று, நாலு வருஷமாக என் நாக்கு சொல்லிக்கொண்டிருந்ததை யாரோ கணக்குப்போட்டுக் காட்டிவிட்டதுபோல இருந்தது.

அதிலிருந்து எனக்கொரு முடிவு கிடைத்தது. பலர் இதை ஒத்துக்கொள்வதில்லை, ஆனாலும் அழுத்தமாகவே சொல்கிறேன். கசப்பு அதிகமுள்ள சாக்லேட்டுக்கு உப்பு குறைவாகப் போடவேண்டும், இனிப்பு அதிகமுள்ளதற்குக் கூடுதலாகப் போடவேண்டும். 70 சதவீத சாக்லேட்டை நாம் காசு கொடுத்து வாங்குவதே அந்தக் கசப்புக்காகத்தான். அதில் மூன்று கிராம் போட்டால் கசப்பின் முனை மழுங்கி 55 சதவீதத்தைப்போல ஆகிவிடுகிறது. இரண்டு கிராமோடு நிறுத்திக்கொள்கிறேன். மில்க் சாக்லேட்டுக்கு மூன்றரை. வெள்ளைச் சாக்லேட் போட்டுச் செய்யும் பிளாண்டிக்கு நாலு. வெள்ளைச் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய், பால், சீனி மூன்றும்தான். கோகோவின் கசப்பு துளியும் இல்லை. உப்பில்லாமல் அது தொண்டையில் திகட்டி நிற்கும். உப்போடு அதன் பால்வாசனை திரட்டுப்பால்போல எழும்பிவருகிறது. சாக்லேட்டிலேயே உப்புக்கு மிக நன்றியோடு பதில் சொல்வது வெள்ளைச் சாக்லேட்தான் என்பேன்.

உப்பு அடக்குவது கசப்பைத்தான், துவர்ப்பை அது தொடுவதில்லை. இதுவும் என் நாக்கின் சாட்சியம். கசப்பு நாக்கில் நிற்கும், துவர்ப்பு வாழைக்காய் கடித்ததுபோலக் கன்னத்தின் உட்புறத்தை இழுக்கும். நல்லபடியாகப் புளிக்கவைக்காத கோகோ விதையில் செய்த சாக்லேட் அப்படித்தான் இழுக்கும். அதற்கு வெண்ணெயோ கிரீமோதான் மருந்து. கசப்பும் துவர்ப்பும் வெவ்வேறு சுவை என்று தனித்தனிப் பேர் வைத்திருக்கிற மொழியில் பிறந்தது இந்த இடத்தில் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

காம்பவுண்ட் பற்றியும் சொல்லவேண்டும். முதல் மூன்று வருஷம் நான் டார்க் சாக்லேட் என்று நினைத்துப் பயன்படுத்தியது டார்க் காம்பவுண்ட். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தால் தெரிந்துவிடும். கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குப் பக்கத்தில் உருகுவது, ஆகவே வாய்க்குள் போனதும் தானே தண்ணீராகிறது. தூத்துக்குடியின் சித்திரை மாதத்தில் வாய்க்குப் போகும் முன்பே உருகிவிடும் என்பது வேறு விஷயம். காம்பவுண்ட் அந்த வெயிலையும் தாங்கும், அச்சில் வார்க்கவும் அலங்காரத்துக்கும் அதை மதிக்கிறேன். ஆனால் அதில் உப்புக்கு வேலையே இல்லை. கோகோ குறைவாக இருப்பதால் அடக்கக் கசப்பு இல்லை, எழுப்ப மணம் இல்லை. சீனி ஒரு பக்கமும் உப்பு ஒரு பக்கமுமாக நின்றுவிடும். உப்பைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, என் கையில்தான் குறை என்று நான் நொந்துகொண்டிருந்த காலம் அது.

கோகோ பவுடரைப் பற்றிச் சுருக்கமாக. 1828-ல் ஹாலந்தின் வான் ஹூட்டன் கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கார உப்புச் சேர்த்துக் கோகோவின் புளிப்பை அடக்கும் முறையும் அந்த வீட்டிலிருந்து வந்ததுதான். டச்சு கோகோ என்பது அதுவே. பாக்கெட்டில் 500 அல்லது 501 என்ற எண் இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். சாதாரண கோகோ புளிப்பானது, சமையல் சோடா அதோடு சேர்ந்து பொங்கித் தீர்ந்துவிடும். டச்சு கோகோவில் சோடாவைத் தீர்க்கப் புளிப்பு இருக்காது. மிச்சமாகி, சோப்பு வாடையும் உவர்ப்பும் தரும். சோடாவிலும் சோடியம்தானே இருக்கிறது. சோடா போடுகிற கேக்குக்கு உப்பைக் கால்வாசி குறைத்துக்கொள்கிறேன்.

இனி மேலே நிற்கும் உப்பு.

உள்ளே கரைந்தது மறைந்து நிற்கவேண்டும் என்றேன். மேலே தூவுவதற்கு நேர்மாறான வேலை. அது தனியாக, உப்பாகவே நாக்கில் படவேண்டும். பட்ட மறுகணம் கரைந்து வழிவிடவும் வேண்டும். தூளுப்பைத் தூவினால் ஒரேயடியாகக் கரிக்கும். கல்லுப்பை உடைத்துத் தூவினால் பல்லில் இடறும், கரையவும் நேரமாகும். பிரான்ஸின் கெராந்த் உப்பளங்களில் பாத்தித் தண்ணீரின்மேல் மிதக்கும் ஏடுபோன்ற உப்பை வழித்தெடுத்து, பூவுப்பு என்று பொருள்படும் பேரில் விற்கிறார்கள். அதையோ இங்கிலாந்திலிருந்து வரும் செதில் உப்பையோ வாங்கலாம், விலைதான் கட்டாது. உப்பளத்து ஊரில் இருந்துகொண்டு கப்பலில் வந்த உப்பை வாங்கவும் எனக்கு மனம் வரவில்லை.

வீட்டிலேயே செய்துகொள்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 360 கிராம் உப்பைத்தான் கரைத்துக்கொள்ளும். நான் 350 கிராம் கல்லுப்பைக் கரைத்து, வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுவேன். துணியில் சாம்பல் நிறத்தில் மண் தங்கும். தெளிந்த தண்ணீரை அகலமான, ஆழமில்லாத எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, அடியில் தோசைக்கல் வைத்து, அடுப்பை மிகவும் குறைத்துவிடுவேன். அலுமினியம் கூடாது, உப்பு அரித்துவிடும். தண்ணீர் கொதிக்கக் கூடாது, ஆவி மட்டும் போகவேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னலைச் சாத்திவிடுவேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீரின்மேல் கடுகைவிடச் சின்னச் சதுரங்கள் தோன்றும். மிதந்தபடியே ஓரங்களில் வளரும். வளர வளரக் கனத்தால் மெல்லத் தாழும். தாழும்போது மேல் ஓரத்தில் அடுத்த படி கட்டிக்கொள்ளும். கடைசியில் தலைகீழாகக் கவிழ்த்த கோபுரம்போல, உள்ளே வெற்றிடமான ஒரு படிகம். அது முழுகிப்போவதற்குமுன் கண்கரண்டியால் அள்ளித் துணியில் போடவேண்டும். முழுகினால் அடியில் போய்க் கட்டியாகிவிடும். அந்த ஒன்றரை மணிநேரமும் நான் பாத்திரத்தைவிட்டு நகரமாட்டேன். ஃபோன் அடித்தாலும் எடுப்பதில்லை.

ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மிச்சமிருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். முதல் தடவை ஆசைப்பட்டு முழுக்க வற்றவைத்தேன். கடைசியாக வந்த உப்பை நாக்கில் வைத்தால் அடிநாக்கு கசந்தது. கடல்தண்ணீரில் இருக்கும் மக்னீசிய உப்புகள் கடைசிவரை கரைந்தே நின்று, முடிவில்தான் படியும். கசப்பும் கசிவும் அவற்றால் வருபவை. தெருவிலிருக்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். "பாத்தியில தண்ணிய ஒட்ட வத்த விடுவாங்களா யாராவது? உப்பு விழுந்ததும் வாரிட்டு, கடைசித் தண்ணியத் திறந்துவிட்டுருவோம்லா" என்றார். புது உப்பை அம்பாரமாகக் குவித்துப் போட்டுவைத்தால் நாளாக நாளாக அந்தக் கசப்பு கசிந்து இறங்கிவிடும், பழைய உப்புக்குத்தான் ருசி என்றும் சொன்னார். என் அம்மா புது உப்பு வாங்கியதும் ஜாடியில் கொட்டாமல் ஓலைப்பெட்டியில் போட்டு, அடியில் தட்டு வைத்து நாலு நாள் மூலையில் சாய்த்துவைப்பார். தட்டில் தேங்கிய தண்ணீரை ஏன் கீழே கொட்டுகிறார் என்று அப்போது நான் கேட்டதில்லை.

எங்கள் ஊர்க் காற்றில் இன்னொரு தொல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலோர ஊரில் பல ராத்திரிகள் அப்படித்தான் இருக்கும். கனாஷ் தடவிய கேக்மேல் சாயங்காலம் செதில் உப்பைத் தூவிவைத்தால், விடியும்போது அந்த இடத்தில் கண்ணீர்த் துளிபோல ஈரம் நிற்கும். கனாஷிலும் தண்ணீர் இருப்பதால் அது மேலிருந்தும் கீழிருந்தும் கரையும். இதற்கு விடை, நான் முன்னே திட்டிய அந்த எண்ணெய்ச் சட்டையிலேயே கிடைத்தது. பத்துக் கிராம் செதிலுக்கு அரைத் தேக்கரண்டி உருக்கிய கோகோ வெண்ணெயோ நெய்யோ விட்டு, உடையாமல் விரலால் பிசறிவிடுகிறேன். கொழுப்பு ஈரத்தைத் தடுத்து நிறுத்துகிறது, மறுநாள் மத்தியானம்வரை படிகம் மினுங்கிக்கொண்டு நிற்கிறது. நெய் பிசறியதற்கு வாசமும் கூடுதல். குக்கிக்கும் பிரவுனிக்கும் ஓவனில் வைக்கும் முன்பே தூவிவிடலாம், மேல்தோலில் ஒட்டிக்கொள்ளும்.

கொழுப்பை இப்படி வேலைவாங்கலாம் என்பதை இன்னும் அழகாகச் செய்து காட்டியவர் பாரிஸின் பியர் ஹெர்மே. அவருடைய சாக்லேட் சாப்ளே குக்கியை டோரி கிரீன்ஸ்பன் 2006-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் உலக சமாதான குக்கி என்ற பேரில் பிரபலமாக்கினார். அந்த மாவில் முட்டை கிடையாது, பாலும் கிடையாது. வெண்ணெய், சர்க்கரை, மைதா, கோகோ, நறுக்கிய சாக்லேட், அதோடு பூவுப்பு. தண்ணீர் என்று சொல்வதற்கு வெண்ணெயில் இருக்கும் கொஞ்சம்தான். அதனால் உப்பு கரையாமல் குக்கிக்குள்ளேயே துகள்துகளாகத் தங்கிவிடுகிறது. ஒரு கடியில் வராது, அடுத்த கடியில் பட்டென்று வரும். பிரவுனியில் நான் பிழை என்று விரட்டிய அதே சீரின்மை இங்கே அழகாக இருக்கிறது. இனிப்பில் உப்புச் சேர்ப்பது அந்த நாட்டிலும் வானத்திலிருந்து விழவில்லை. பிரான்ஸின் பிரித்தானிப் பகுதிக்குப் பழைய அரசாங்கத்தின் உப்புவரியிலிருந்து விலக்கு இருந்தது. உப்பு மலிவாகக் கிடைத்ததால் வெண்ணெயில் உப்பிடும் வழக்கம் அங்கே வேரோடியது. அந்த வெண்ணெயைக்கொண்டுதான் ஆன்ரி லெ ரூ, கிபெரோன் என்ற கடலோர ஊரில் 1977-ல் கடை திறந்து, உப்புக் கேரமல் மிட்டாய் செய்தார். உலகமெங்கும் இன்று கிடைக்கும் உப்புக் கேரமலுக்கு அவர் கையைத்தான் காட்டுகிறார்கள். உப்பு விளையும் கரையில்தான் இது தோன்றியது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். அந்தக் குக்கியை நான் நாட்டுச்சர்க்கரையும், இடித்துச் சலித்த கல்லுப்பும் போட்டுச் செய்கிறேன். டீ வடிகட்டியில் சலித்துத் தூளை விட்டுவிட்டு, ரவைப் பருமனில் மேலே நிற்பதை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

எங்கள் கரைக்கும் கோகோவோடு ஓர் உறவு உண்டு. 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் குற்றாலத்தில் கிரியோலோ வகைக் கோகோவை நட்டார்கள். இந்தியாவில் கோகோ கால்வைத்த கதையை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆகும்வரை குற்றாலமும் எங்கள் உப்பளங்களும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். ஒரு கலெக்டருக்குக் கீழே கோகோ விளைந்த மலையும் உப்பு விளைந்த கரையும்! அந்தக் கோகோ அங்கே நிலைத்துப் பரவவில்லை. இன்றைக்குத் தமிழ்நாட்டுக் கோகோவுக்குப் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் போகவேண்டும். தென்னந்தோப்பின் நிழலில் ஊடுபயிராக நிற்கிறது.

போன வருஷம் அப்படி ஒரு தோப்புக்குப் போனேன். காயை வெட்டி, வெள்ளைச் சதையோடு விதைகளைப் பெட்டியில் குவித்து, வாழையிலை போட்டு மூடியிருந்தார்கள். ஆறு நாள் புளிக்கும். இலையை விலக்கியதும் தோசைமாவு பொங்கிய பானையின் வாசமும் காடியின் காரமும் சேர்ந்து முகத்தில் அடித்தது. உள்ளே கைவைத்தால் சுட்டது. இந்தப் புளிப்பில்தான் துவர்ப்பு இறங்கி, பிற்பாடு வறுக்கும்போது வரப்போகும் மணத்துக்கு விதை தயாராகிறது. புளித்ததை வெயிலில் பரப்பியிருந்தார்கள். ஒருவர் மரப்பலகையால் அதைத் தள்ளித் தள்ளிப் புரட்டிக்கொண்டிருந்தார். குனிந்த முதுகும், பலகை பிடித்த விதமும், காலைப் பின்னுக்கு வைத்து இழுப்பதும் பாத்தியில் உப்பு வாருகிறவர்களைப்போலவே இருந்தது. நான் அங்கேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

அந்தத் தோப்பு விதையில் செய்த 68 சதவீத சாக்லேட் இரண்டு கிலோ வாங்கிவந்தேன். லேசான புளிப்பும் உலர்திராட்சை மணமும் உள்ள சாக்லேட். அதற்கு எவ்வளவு உப்பு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. முதல் டிரேக்கு மூன்று கிராம் போட்டேன், திராட்சை மணம் ஓடிவிட்டது. இரண்டு போட்டேன். ஒன்றரைக்கு வந்தபோது முதலில் புளிப்பு, பின்னால் கசப்பு, கடைசியில் திராட்சை என்று ஒவ்வொன்றும் வரிசையாக வந்து போனது. நாலு டிரே ஆயிற்று. சாக்லேட்டிலும் வெண்ணெயிலும் போன பணத்தை நான் கணக்குப் பார்க்கவில்லை. சூட்டோடு சாப்பிட்டு எதையும் முடிவுசெய்வதில்லை. மறுநாள், நன்றாக ஆறி இறுகியபின் சாப்பிட்டுத்தான் நோட்டில் எழுதுவேன். அந்தப் பக்கத்தில் 1.5 என்று எழுதி வட்டமிட்டிருக்கிறேன்.

அந்த நாலாவது டிரேயின்மேல் நெய் பிசறிய செதில் உப்பைத் தூவி, ஒரு துண்டைத் தட்டில் வைத்து அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தட்டை வாங்கி, துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேலே இருந்த உப்பில் ஒரு செதிலை மட்டும் நகத்தால் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். கண்ணைச் சுருக்கினார்.

"இது எந்த அளத்து உப்பு?"

"முள்ளக்காட்டுப் பக்கம் வாங்குன கல்லுப்புதாங்க்கா. நான்தான் காய்ச்சி எடுத்தேன்."

"கசப்பப் பூரா வாங்கிட்டியே" என்றார். இன்னொரு செதிலை எடுத்து வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் பிரவுனியைக் கடித்தார்.